37 விநாடிப் பகிடி

ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம்.

கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பு நடக்கும் மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். பதினொரு பேர் தந்த பதினொரு இசைத்துண்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழாவதைத் தட்டினேன். சுவரில் விழுந்த ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் வரிகள் ஓடத் தொடங்கின. முதல் சனலிலும் இரண்டாம் சனலிலும் சுரம் போட்டிருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. சத்தத்தைத்தான் காணவில்லை. ஒரு பெடியன் எழும்பிப்போய் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். அப்போதுதான் பின்வரிசையில் இருந்த தங்கச்சி ஒருத்தி திரையின் மூலையில் கிடந்த தலைப்பை வாசித்தாள்: ‘கரண்ட் இல்லை’.

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே புள்ளித்தாளில் அதற்கு நேரே பத்துக்கு 2 என்று போட்டேன். அப்போது துண்டு தொடங்கி எட்டு விநாடிகூட ஆகியிருக்காது.

அந்த 2 இன்னும் என்னை விடவில்லை.

என்ன போட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் என்ற விளையாட்டுப் பெட்டிக்குள் ரிக்கோ 2ஏ03 என்று ஒரு சில்லு இருந்தது. விளையாட்டை ஓட்டுகிற மூளையும் அதுதான், பாடுகிற தொண்டையும் அதுதான். ஐந்து சனல். இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளை வாசிக்க இன்னொன்று. முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூட வழியில்லை; ஒன்றில் பாடும், இல்லாவிட்டால் வாயை மூடும். இந்த ஐந்துக்குள் நின்றுகொண்டு பாட்டுக் கட்ட வேண்டும். அதற்கென்றே ஃபமிட்ராக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுரங்களை மேலிருந்து கீழாக அட்டவணை போல எழுதிக்கொண்டு போகலாம். கடைக்கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வரும் என்று வகுப்பில் சொல்வேன். (வராது. ஆனால் அப்படிச் சொன்னால்தான் ஆட்கள் வருகிறார்கள்.)

வன்னியில் இருந்துகொண்டு உனக்கு ஏன் இந்த விசர் என்று கேட்பவர்களும் உண்டு. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது எனக்குப் பத்து வயது. கொழும்பில் இருந்து வந்த சாமான்களோடு ரிவி கேமும் எங்கள் பக்கம் வந்தது. பரந்தனில் ஒரு வீட்டில் ஜெனரேற்றர் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விளையாட விடுவார்கள். கசெற்றில் 9999 விளையாட்டு என்று அடித்திருக்கும். உள்ளே இருபது இருக்கும், அதுவே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். நான் விளையாடியதைவிட வரிசையில் நின்று மற்றவன் விளையாடுவதைக் கேட்டதுதான் கூட. அதனாலோ என்னவோ விளையாட்டெல்லாம் மறந்துபோயிற்று, பாட்டு ஒன்றும் மறக்கவில்லை.

அதற்கும் முந்திய ஞாபகம் ஒன்று உண்டு. தடைக் காலத்தில் பற்றரி வராது. மாமா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்துவிட்டு மிதிப்பார். அவர் களைத்தால் பாடுகிறவரும் களைப்பார். பெண்குரல் மெல்ல மெல்ல ஆண்குரலாக இறங்கிக்கொண்டு போகும். நாங்கள் கத்துவோம், மாமா மூச்சைப் பிடித்துத் திரும்ப மிதிப்பார், குரல் ஏறி வரும். அந்தப் பாட்டுகளை இப்போது போனில் கேட்டால், நேராகப் போகிறதே என்று ஒரு மாதிரி இருக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்து, சில வருடங்களுக்கு முன் இணையத்தில் நடந்த ஒரு போட்டிக்குத் துண்டொன்று அனுப்பினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். துடிப்பலைக்கு நான்கு குரல்: 12.5, 25, 50, 75 வீதம். ஒரு சுற்றில் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்ற கணக்கு அது. 50 வீதம் உருண்டையாக, மூங்கில் குழாய்க்குள் ஊதியது போல வரும். 25 கொஞ்சம் மூக்கால் பாடும். 12.5 இன்னும் மெல்லிசு. நாங்கள் பரந்தனில் விளையாடியது அசல் ஃபமிகொம் இல்லை, அதன் நகல். அப்படியான நகல் பெட்டிகள் பலவற்றில் ஒரு கோளாறு உண்டு: 25 உம் 50 உம் இடம் மாறிக் கிடக்கும். உருண்டைக் குரல் வரவேண்டிய இடத்தில் மூக்குக் குரல், மூக்குக் குரலின் இடத்தில் உருண்டை. இருபது வயது தாண்டி அசலை முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ பிழையாகப் பதிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே என் துண்டு இதுதான்: ஒரு பழைய விளையாட்டுப் பாட்டு, நகல் பெட்டியின் மாறிய குரலில், நடுவில் மாமா களைக்கிற இடத்தோடு. சனல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருதி இறங்கித் திரும்ப ஏற வேண்டும். இரைச்சல் சனலுக்கு மொத்தமே 16 படிதான் என்பதால் அது வழுக்காமல் படிக்கட்டில் உருண்டு விழுந்தது. அதை மறைக்கவே இரண்டு இரவு போனது. கேட்டவர்கள் எழுதியதன் சாரம்: நல்ல பகிடி, ஆனால் நீண்டுவிட்டது. கடைசிக்கு ஓரிடம் முன்னால் வந்தேன்.

கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்களில் பிழை சொல்லவும் முடியவில்லை. மாமாவை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதில் அது கெட்டுப்போன ரேப், அவ்வளவுதான்.

இந்த வகைப் போட்டிகள் உலகத்தில் நிறைய. ஃபமிகொம் இசைக்கென்றே ஃபமிகொம்போ மினி என்று ஒன்று பல வருடம் நடந்தது; சொந்த இசைக்கு ஒரு பிரிவு, பழைய பாட்டைத் திரும்பக் கட்டுவதற்கு ஒரு பிரிவு. ஒரு மணித்தியாலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிற போட்டிகளும் இருக்கின்றன. கணினியில் படமும் இசையும் கட்டிக் காட்டுகிற ‘டெமோசீன்’ என்ற கலைக்காரரின் பெரிய கூடல்கள் வேறு: பின்லாந்தில் 1992 இல் தொடங்கிய அசெம்பிளி, ஜெர்மனியின் சார்புறூக்கனில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நடக்கிற ரிவிஷன். பெருங்கூட்டமாக ஆட்கள் இருட்டு மண்டபத்தில் இருந்து பெரிய திரையைப் பார்த்துக் கத்துகிற இடங்கள். எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காத சரக்குக்கென்றே அங்கே ‘வைல்ட்’ என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பின்லாந்து 2020 இலும் ஜெர்மனி 2021 இலும் இந்தக் கலையைத் தங்கள் நாட்டு மரபுரிமைப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டன.

எந்தப் போட்டியிலும் இரண்டு விருந்தாளிகள் கேட்காமலே வந்து குந்துவார்கள். ஒருவர் பகிடிக்காரர். பாட்டைவிடத் தலைப்பு நீளமாக இருக்கும், அல்லது எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் வேண்டுமென்றே ஒரு சுரம் தவறும், அல்லது ஒன்றுமே கேட்காது. மற்றவர் பரிசோதனைக்காரர். மூன்று நிமிடம் ஒரே இரைச்சலைப் பிசைந்துகொண்டிருப்பார். வெளியே நின்று கேட்டால் இருவரும் ஒரே ஆள் மாதிரித்தான். இரண்டு பேருமே மெட்டுத் தரமாட்டார்கள், தாளம் தரமாட்டார்கள், பரிசும் எதிர்பார்க்கவில்லை என்ற முகத்தோடு நிற்பார்கள்.

புள்ளி போடுகிற நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும். அறுபது துண்டை ஒரே இருப்பில் கேட்கிறவனுக்குக் காது களைத்திருக்கும். பகிடி அவனிடம் கைக்காசு கேட்கிறது: பத்து விநாடியில் சிரிப்பு, கணக்கு முடிந்தது. பரிசோதனையோ கொப்பியில் எழுதச் சொல்கிறது: இன்னொரு தரம் கேள், நாளைக்குக் கேள், அப்போது தருகிறேன். கடைக்காரனுக்கு யாரைப் பிடிக்கும்? அதனால் பகிடி நடுவில் எங்கேயாவது மரியாதையாக வந்து நிற்கும், பரிசோதனை அடியில் கிடக்கும். அதைவிடக் கொடுமை, என்னுடையதற்கு நடந்தது போல, பரிசோதனையைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு, சிரிப்பும் வரவில்லையே என்று அதற்கும் புள்ளி வெட்டுவது.

எங்கள் ஊர்ச் சொற்களில் இதற்கு நல்ல தராசு இருக்கிறது என்று எனக்கொரு எண்ணம். பகிடி வேறு, முசுப்பாத்தி வேறு, நக்கல் வேறு, சேட்டை வேறு. பகிடியில் விடுகிறவனும் கேட்கிறவனும் சேர்ந்து சிரிப்பார்கள். நக்கலில் ஒருவன்தான் சிரிப்பான். போட்டிக்கு வருகிற பகிடித் துண்டுகளில் பாதி உண்மையில் நக்கல். கேட்கிறவர் நேரத்தைத் தின்றுவிட்டுச் சிரிப்பது. அவற்றுக்கு 2 போடலாம், பாவமில்லை. மற்றப் பாதிதான் கஷ்டம். கூத்தில் கட்டியகாரன் வேசத்தைப் புதுப் பொடியனிடம் கொடுக்கமாட்டார்கள் என்று மாமா சொல்லுவார். தாளம் பிசகாமல் ஆடத் தெரிந்தவன்தான் பிசகினது மாதிரி ஆடலாம்.

டிம் ஃபொலின் 1990 இல் சொல்ஸ்டிஸ் என்ற விளையாட்டுக்கு எழுதிய முகப்பு இசையைக் கேட்டுப் பாருங்கள். முதல் சில விநாடி, பள்ளிக்கூட விழாத் தொடக்கம் மாதிரி ஒரு சாதுவான மெட்டு. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது தலையில் இடி விழும். அதே ஐந்து சனலுக்குள் ஒரு முழு ரொக் குழு வந்து இறங்கும். அந்தத் தொடக்கம் சுத்தப் பகிடி. அது இல்லாவிட்டால் இடி அரைவாசிதான் விழும்.

பகிடியாகப் பிறந்து பின்னால் பெரிய மனிதரானவையும் உண்டு. மொசார்ட் 1787 இல் திறமையில்லாத இசையமைப்பாளரைக் கேலி செய்து ஒரு துண்டு எழுதினார். கடைசியில் வாத்தியங்கள் ஆளுக்கொரு சுருதியில் போய் மோதி முடியும். இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் அதையே முகத்தில் சிரிப்பில்லாமல் செய்தார்கள். எங்களிடம் இது இன்னும் பழசு. தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்துக் காளமேகம் பாடிய வெண்பாவை முதலில் கேட்கிற எந்தப் பிள்ளையும் சிரிக்கும். திருக்கேதீச்சரத்தைப் பாடிய அதே சம்பந்தர்தான், முன்னால் இருந்து வாசித்தாலும் பின்னால் இருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருகிற மாலைமாற்றுப் பதிகத்தையும் பாடினார். தேவாரத்துக்குள் இருப்பதால் அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. இன்றைக்கு யாராவது அப்படி எழுதிப் போட்டிக்கு அனுப்பினால் என்ன புள்ளி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோளாறில் இருந்து பிறந்த கதையும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கொமடோர் 64 கணினியின் சிட் சில்லு, 1982 இல் வந்தது, மூன்றே குரல். சத்தத்தின் அளவை மாற்றும்போது அதில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு வரும். அந்தச் சொடுக்கையே வேகமாக அடுக்கி, பேச்சையும் மேளத்தையும் வாசிக்க வைத்துவிட்டார்கள். மூன்று குரல் சில்லில் நான்காவது குரல். பிறகு வந்த பதிப்பில் அந்தச் சொடுக்கு பெருமளவு அடங்கிப் போயிற்று, கூடவே மேளமும் பேச்சும் அடங்கிப் போயின.

சரி, மேல்மாடிக்கு வருவோம்.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. பத்தாவது விநாடி தாண்டியிருக்கும். ஸ்பீக்கருக்குள் நுளம்பு ஒன்று புகுந்தது போல மெல்லிய இரைச்சல். வயரை ஆட்டியவன் திரும்ப எழும்பினான். இரைச்சல் தடித்தது. நுளம்பு வண்டாயிற்று, வண்டு தூரத்தில் ஓடுகிற தண்ணி மோட்டராயிற்று, பிறகு கதிரைக் கால்கள் வழியாக உடம்புக்குள் ஏறுகிற ஒரு முழக்கம். ஒரே சுரம்தான், ஆனால் அதன் நிறம் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. உச்சிக்குப் போய், வந்த வழியே மெலிந்து, வண்டாகி, நுளம்பாகி, அமைதி. துண்டு அத்தோடு முடிந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். எழுதிய வட்டக்கச்சிப் பெடியன் முகம் வெளிறிப்போய் இருந்தான்.

“அண்ணை, இது நான் செய்யேல்லை” என்றான்.

அவன் செய்தது இது. 75 வீதத் துடிப்பலை என்பது 25 வீதத்தைத் தலைகீழாகப் போட்டதுதான் என்று போன மாதம் வகுப்பில் சொல்லியிருந்தேன். தனித்தனியே கேட்டால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு சனலில் 25, மற்றதில் 75, ஒரே சுரம், ஒரே சத்தம், ஒரே நேரத்தில் தொடங்கினால், ஒன்று மேலே போகையில் மற்றது கீழே வரும். கூட்டினால் அசைவே இல்லை. இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், வெளியே ஒன்றும் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கரில் வைத்தால் ஒரு சின்னப் பொரிவு மட்டும் இருக்கும். வெறும் கோப்பை அனுப்பாமல் இப்படி உழைத்துச் சும்மா இருக்கிற பகிடியைக் கட்டினானே, அதற்கே 5 போட்டிருக்க வேண்டும். நானோ வெறும் கோப்பு என்று நினைத்து 2 போட்டேன். திரையில் சுரங்கள் ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே.

இரைச்சல் வந்தது ஒரு மறதியால். வேறெதற்கோ பரீட்சித்துப் பார்த்தபோது பத்தாவது விநாடி வரியில் பி 81 என்று ஒரு கட்டளை போட்டிருக்கிறான். இரண்டாம் சனலின் சுருதியை ஒரே ஒரு படி நகர்த்துகிற கட்டளை. அழிக்க மறந்துவிட்டான். வீட்டில் முதல் சில விநாடி மட்டும் கேட்டுவிட்டு, சத்தம் இல்லை, சரி என்று மூடியிருக்கிறான். அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் போட்டது 55 ஹேர்ட்ஸ், அந்தச் சில்லு போகக்கூடிய அடிமட்டத்துக்குக் கிட்ட. அங்கே சுருதியைத் தீர்மானிக்கிற எண் 2033. அதில் ஒன்றை மாற்றினால், இரண்டு அலைகளும் விலகிப் போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பச் சேர 37 விநாடி. இன்னும் உயர்ந்த சுரத்தில் எழுதியிருந்தால் விநாடிக்கு ஒன்றிரண்டு தடவை ‘வா வா’ என்று துடித்திருக்கும், எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்போம்.

2 ஐ வெட்டி 7 போட்டேன். எல்லோர் முன்னாலும்தான் வெட்டினேன், அதுதான் வினையாயிற்று.

தலைப்பு வாசித்த அதே தங்கச்சி கேட்டாள்: “அண்ணை, நான் ரெண்டு கிழமை இருந்து செய்த பாட்டுக்கு 6 தந்தனீங்கள். அவன் ஒரு பிழையை விட்டிட்டு 7 வாங்கிறானோ?”

அவளுடையது நல்ல பாட்டு. முக்கோண அலையில் உடுக்கு மாதிரி ஒன்று வைத்திருந்தாள். அவள் கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. சிட் சில்லின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். “அதை ஆரோ கண்டுபிடிச்சுப் பிறகு வேணுமெண்டு செய்தவை. இவன் வேணுமெண்டு செய்யேல்லையே” என்றாள். வாயை மூடிக்கொண்டு பிளேன்ரீ குடித்தேன். கடைசியில் அவளுக்குத்தான் முதலிடம் வந்தது, மற்றவர்கள் போட்ட புள்ளியால்.

பெடியன் அடுத்த கிழமை கடைக்கு வந்தான். (நான் ரிவி, போன் திருத்துகிறவன், வகுப்பு ஞாயிறு மட்டும்.) அந்த 37 விநாடியை உண்மைப் பெட்டியில் கேட்க வேண்டுமாம். என்னுடைய பழைய பெட்டி 2009 இல் போனவற்றோடு போயிற்று. ஆனால் வவுனியாவில் ஒருவரிடம் அதே மாதிரி நகல் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சில்லைக் கறுப்புக் களிக்குள் புதைக்காமல், கழற்றக்கூடிய சில்லு வைத்த கசெற் ஒன்றைத் தேடவே மூன்று கிழமை. உள்ளே இருந்ததைக் கழற்றி, நாங்கள் துண்டைப் பதிந்த ஈப்ரொம் என்ற நினைவகச் சில்லை வைத்து ஒட்டி, பெட்டியில் செருகி, ரிவியைப் போட்டோம்.

முதல் விநாடியிலிருந்தே முழக்கம். அமைதி ஒரு துளியும் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நகல் பெட்டி அல்லவா. 25 என்று எழுதினால் அது 50 பாடும். 50 உம் 75 உம் ஒன்றையொன்று அழிக்காது.

“அப்ப 50 எண்டு எழுதினா இது 25 பாடுமே?”

பாடும். மாற்றி எழுதினோம். இப்போது எங்கள் பெட்டியில் பத்து விநாடி அமைதி, பிறகு நுளம்பு, வண்டு, மோட்டர் எல்லாம் வரிசையாக வந்தன. அசல் ஃபமிகொமில் போட்டால் தொடக்கத்திலிருந்தே இரையும். இந்தப் பகிடி இப்போது பிழையான பெட்டியில் மட்டும்தான் சரியாக வேலை செய்யும். ‘கரண்ட் இல்லை, பரந்தன்’ என்று பெயர் மாற்றினான்.

இணையத்தில் ஒரு போட்டிக்கு அனுப்பப் போகிறேன் என்றான். அவர்கள் அசல் குரலில்தானே கேட்பார்கள் என்றேன்.

“அப்ப அவையளுக்குச் சத்தம் கேட்கும்.”

“கேட்கும்.”

“பகிடி விளங்காது.”

“விளங்காது.”

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விண்ணப்பத்தில் விளக்கம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் அனுப்பினான்.